பூச்சி ஏறாத மரம்

மரத்துக்குப் பூச்சி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஊர் உலகத்தில் ஆள் வைப்பார்கள். மரத்துக்குப் பூச்சி பிடிக்கவைப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் என் வேலை என்ன என்று கேட்டபோது இதை உள்ளபடியே சொல்லிவிட்டேன். பெண்ணின் தகப்பனார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேற வேலை எதுவும் தெரியாதுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். எப்படியோ பெண் கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் காலம் அது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு தேயிலை எஸ்டேட். மேலே மலை முழுக்கத் தேயிலை, அடியில் ஓடையை ஒட்டிய சரிவில் மட்டும் ஆப்பிள். எஸ்டேட்டின் பெரிய துரைக்குத் தேயிலை வயிற்றுப்பாடு, ஆப்பிள்தான் ஆசை. தன் ஊரிலிருந்து கப்பலில் மரக்கன்றுகளை வரவழைத்து நட்டிருந்தார். கன்றுகளோடு சேர்ந்து பஞ்சுப் பூச்சியும் செலவில்லாமல் கப்பலேறி வந்துவிட்டது. அந்தப் பழத்தோட்டத்து நாற்றங்காலுக்கு நான் கணக்கெழுதும் ரைட்டர்.

பஞ்சுப் பூச்சியைப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். கிளை பிரியும் இடத்திலும், பட்டை வெடித்த இடத்திலும், மரம் மண்ணைத் தொடும் இடத்திலும், கிழிந்த தலையணையிலிருந்து விழுந்த பஞ்சு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். உறிஞ்சிய இடமெல்லாம் முண்டு முண்டாக வீங்கும். மரம் சட்டென்று செத்தாலாவது வெட்டி எறிந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சாகாது. காய்க்காமலும் வளராமலும் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். விரலால் பூச்சியை நசுக்கினால் ரத்தம் போலச் சிவப்பாகக் கையில் ஒட்டும். புகையிலையை ஊறவைத்த தண்ணீர், சோப்புக் கரைசல், மண்ணெண்ணெய் என்று எல்லாம் பூசிப் பார்த்தார்கள். ஒரு மழைக்காலம் அடங்கியிருக்கும். அடுத்த மழையில் வேரிலிருந்து ஏறி வரும்.

இந்தப் பூச்சி ஏறாத ஒரு ஜாதி ஆப்பிள் வெளிநாட்டில் இருந்தது. துரை அதையும் வரவழைத்தார். பூச்சி அதன் பக்கமே போகவில்லை. ஆனால் அதன் பழத்தை மனிதர்களாலும் தின்ன முடியவில்லை. நல்ல பழம் கொடுக்கும் மரத்தையும் பூச்சி ஏறாத மரத்தையும் சேர்த்து, இரண்டு குணமும் உள்ள பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும் என்று துரைக்குத் தோன்றியது. பூக்கும் பருவத்தில் நாங்கள் இருவரும் ஏணி மேல் ஏறி நிற்போம். மொட்டு விரிவதற்கு முன்பே இதழைக் கிள்ளி, உள்ளே இருக்கும் மகரந்தக் காம்புகளைச் சின்னக் கத்தரிக்கோலால் எடுத்துவிட்டு, மற்ற மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, மல் துணிப் பையைக் கட்டிவிட வேண்டும். பழுத்ததும் விதை எடுத்து ஈர மணலில் போட்டு வைத்து, முளைக்க விடுவோம். ஒரே பழத்து விதைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அண்ணன் தம்பிகள். எது யாரைப் போல வரும் என்று சொல்ல முடியாது.

எந்த நாற்று தாங்கும் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். பூச்சி பிடித்த குச்சியை வெட்டி வந்து ஒவ்வொரு நாற்றிலும் வாழைநாரால் கட்ட வேண்டும். கொஞ்ச நாளில் பூச்சி நாற்றுக்கு ஏறிவிடும். குச்சி காய்ந்து விழுந்துவிடும், நார் மட்டும் நிற்கும். அடுத்த வருஷம் பஞ்சு படர்ந்த நாற்றையெல்லாம் பிடுங்கி எரிப்போம். படராததற்கு மறுபடியும் குச்சி கட்டுவோம்.

கட்டியவர்கள் ஓடைக்கரை லைனில், வரிசையான கூலி வீடுகளில், இருந்த பெண்கள். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மழை இல்லாத வருஷங்களில் பிழைக்க வந்தவர்கள். இத்தனை காலம் இதே பெண்கள்தான் கந்தல் துணியைப் புகையிலைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு மரமாகப் பூச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அதே கையால் பூச்சியைக் கட்டச் சொன்னோம். அவர்களில் மூத்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் இல்லாதவர், மனசில் பட்டதைப் பேசிவிடுவார். முதல் வருஷமே என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, பச்சப் புள்ளைக்கு அம்மையக் கொண்டுபோயி ஒட்ட வெக்கற மாதிரி இருக்குதுங்க."

"அம்மை குத்தறதில்லையாக்கா? அந்த மாதிரிதான்" என்றேன். எனக்கு அப்போது இந்த மாதிரிப் பதில்கள் நிறையத் தெரியும்.

"அம்மை குத்துனாப் புள்ளை பொழைச்சுக்குமுங்க. இது சாகறதுக்குத்தானுங்களே கட்டறோம்?"

வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் பார்த்தார்கள். குச்சி கட்டும் நாளில் மட்டும் அந்தப் பெண்கள் பாட்டுப் பாட மாட்டார்கள், வெற்றிலை போட மாட்டார்கள். வேலை முடிந்ததும் ஓடையில் இறங்கி முழங்கை வரை கழுவிக்கொண்டு போவார்கள்.

வருஷங்கள் போயின. பிடுங்கினோம், எரித்தோம், மறுபடி விதைத்தோம். அப்புறம் ஒரு மரம் நின்றது. கடைசி வரிசையின் ஓரத்தில், பெரிய கற்பூர மரத்தடியில் பெண்கள் மாரியாத்தாளாக நட்டு வைத்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் அது இருந்தது. சுற்றிலும் இருந்த நாற்றுகள் வெள்ளை பிடித்துக் கிடக்க, அது மட்டும் பளிச்சென்று நின்றது. முதல் வருஷம் நான் நம்பவில்லை. இரண்டாம் வருஷம் பூதக்கண்ணாடியோடு போனேன். மூன்றாம் வருஷம் அடியில் மண்ணைத் தள்ளி வேரைப் பார்த்தேன், ஒரு முண்டு கூட இல்லை. அன்றைக்கு நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுவது எனக்கு அதுதான் முதல் தடவை, அதற்குப் பிறகு வாய்ப்பும் வரவில்லை.

முதல் காய்ப்பில் கொஞ்சம் பழங்கள்தான். துரை ஒன்றைப் பேனாக்கத்தியால் வெட்டிப் பாதியை எனக்கு நீட்டினார். துரைமார் கையிலிருந்து எதையும் பாதியாக வாங்கித் தின்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. இருவரும் நின்றபடியே தின்றோம். நல்ல பழம். கொஞ்சம் புளிப்பு, கடைசியில் இனிப்பு. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெண்களும் அந்த மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். என் மனைவியும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். பூச்சி ஏறாத மரத்தைக் கண்டதும் சாமியாக்கிவிட்டார்களே என்று நான் சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது, நான் எடுத்த பிள்ளையை நாலு பேர் கும்பிடுகிறார்கள் என்று.

அந்தச் சமயத்தில்தான் சீமையிலிருந்து எஸ்டேட் முதலாளிகள் எழுதினார்கள், சரிவு முழுக்கத் தேயிலை போட வேண்டும் என்று. துரை என்னைக் கூப்பிட்டு ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். இந்த மரத்தைப் பெருக்கி, பெருக்கிய கன்றுகளிலும் பூச்சி ஏறவில்லை என்று காட்டிவிட்டால் தோட்டம் நிற்கும்; மலையில் உள்ள எல்லாத் துரைமாரும் கன்றுக்கு வந்து நிற்பார்கள். இல்லையென்றால் தோட்டம் போய்விடும். பழத்தோட்டத்துப் பெண்கள் கூடையைக் கட்டிக்கொண்டு அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். ஓடைக்கரை வீடுகளைக் காலி செய்ய வேண்டும். என்னைப் பற்றிச் சொல்வதென்றால், வேலை எங்கேயும் கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியது அந்த மரம். என் ஆயுசில் நான் செய்தது என்று காட்ட வேறு எதுவும் என்னிடம் இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

கன்றுகளை நட இடம் வேண்டியிருந்தது. மீதி நாற்றுகள் தேவையா என்று துரை கேட்டார். தேவையில்லை என்றேன். அவற்றில் சில இருந்தன, பூச்சி ஏறியும் படராமல் அங்கங்கே துளித் துளியாக நின்றவை. வேறு வருஷமாக இருந்தால் அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன். துளிகூட ஏறாத ஒன்று கையில் இருக்கும்போது இந்த அரைகுறைகள் எதற்கு என்று பட்டது. எல்லாவற்றையும் பிடுங்கினோம். ஈர விறகு, ரொம்ப நேரம் புகைந்தது.

பிறகு அந்த மரத்தின் தாழ்ந்த கிளைகளை வளைத்து மண்ணுக்குள் பதியன் போட்டோம். வேர் விட்டதும் வெட்டி எடுத்து, நாற்றுகளைப் பிடுங்கிய இடத்தில் நட்டோம். விதையில் வந்த பிள்ளை அப்பனைப் போல இருக்காது. பதியன் அப்படி இல்லை, அது அதே மரம்தான், அதே உடம்பு. அதனால் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு கன்றின் அடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. சிலந்திக்கூடு என்று நினைத்துத் துடைத்தேன். கை சிவந்தது. அந்த மாதம் முடிவதற்குள் எல்லாக் கன்றிலும் ஏறிவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க முண்டு.

தாய் மரத்திடம் ஓடினேன். அது பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே உடம்பின் கைக்கு வியாதி வந்து உடம்புக்கு வராமல் இருக்குமா? தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. மூத்த அக்கா ஒரு கிண்ணத்தில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிவிட்டு, பூச ஆரம்பித்தார். அதுவரை அவர் பூசியதை மட்டும் பார்த்திருக்கிறேன், பூசும்போது நின்று பார்த்ததில்லை. துணியை எண்ணெயில் தோய்த்து, அடியில் மண்ணை விலக்கி, வேர் தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு பட்டை வெடிப்பாக, ஒவ்வொரு கிளை மடிப்பாக, விரலை விட்டுத் துழாவித் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். சாமிக்குப் பூசுகிற கை அது. பூச்சி துடைத்துப் பழகிய கையும் அதேதான்.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"மொதல்ல இருந்தேங்க."

"மொதல்ல இருந்துன்னா?"

"நாத்தா இருந்தப்பவே நேந்து உட்டுட்டோமுங்க. அத்தனை கன்னுக்கும் எங்க கையாலயே பூச்சியக் கட்டறோமுங்களே, அந்தப் பாவம் எங்க புள்ளைகளுக்கு வந்து சேரக் கூடாதுன்னு ஒரு கன்ன மட்டும் ஆத்தாளுக்கு உட்டோமுங்க. இதுக்கு நாங்க பூச்சி கட்டறதில்லீங்க. வெறும் நாரை மஞ்சள்ல நனைச்சுக் காப்பாக் கட்டீட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அக்காவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்களும் பாத்துட்டுத்தானுங்க போவீங்க. உங்க ஊட்டு அம்மிணிதான எண்ணெயே கொண்டாந்து குடுக்கறாங்க?"

வாஸ்தவம். மலையில் வேம்பு வளராது. என் மனைவி தாய்வீடு போய்த் திரும்பும்போதெல்லாம் மேட்டுப்பாளையத்தில் ரயிலேறுகையில் ஒரு டின் வேப்பெண்ணெய் இருக்கும். பெட்டிக்கு அடியில் வைத்தால் சிந்திவிடும் என்று, மலை ஏறி முடிகிற வரை அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். விளக்குக்கு என்று நினைத்திருந்தேன். பூச்சி ஏறாததால் கும்பிடுகிறார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்தேனே, அவர்கள் கும்பிட்டதால்தான் பூச்சி ஏறவில்லை.

யார் மேல் கோபப்படுவது? யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஒளிந்து செய்யவில்லை, பட்டப்பகலில், என் கண்ணுக்கு முன்னால்தான் செய்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினேன். அவள் பயப்படக் கூட இல்லை. "அதுக்குத்தானுங்க அது நல்லா இருக்குது" என்றாள். ஆத்தாளுக்கு விட்டார்கள், ஆத்தாள் காப்பாற்றினாள். அவள் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. அரைகுறை என்று நான் எரித்த நாற்றுகளை அன்று ராத்திரி நினைத்தேன். உண்மையில் தாங்கியது ஏதாவது இருந்திருந்தால், அது அந்தப் புகையில்தான் போயிருக்கும்.

மனுஷனுக்கு நம்பிக்கை சுலபத்தில் போகாது என்பார்கள். அது எவ்வளவு கேவலமான குணம் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை இந்த மரம் நிஜமாகவே தாங்கக்கூடியதாக இருந்து, பதியன்கள் இளசாக இருந்ததால் பூச்சிக்கு விழுந்திருக்குமோ என்று யோசித்தேன். படித்ததெல்லாம் இல்லை என்றது, ஆனாலும் யோசித்தேன். துரையிடம் நடந்ததைச் சொல்லி ஒரு பருவம் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினார்.

பெண்களைக் கூப்பிட்டு, இனி எண்ணெய் பூசக் கூடாது, பூச்சிக் குச்சி கட்ட வேண்டும் என்றேன். அக்கா சொன்னார்: "கை வெக்க வேண்டாம்னாக் கை வெக்காம இருக்கறோமுங்க. கட்டறது மட்டும் எங்களால ஆகாதுங்க. ஆத்தாளுக்கு உட்டது."

நானே கட்டினேன். கன்றாக இருந்தபோது கட்டவேண்டிய குச்சியை மரமான பிறகு கட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவி வந்து நின்றாள். "ஏனுங்க, வேண்டாமுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பழைய மஞ்சள் காப்பு அடிக்கிளையில் இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் அதற்கு மேலேயே புதிய நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பேன். குச்சி காய்ந்து விழுந்தது. மரத்தில் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. எனக்குள் ஒரு அசட்டுச் சந்தோஷம் தலைதூக்கியது, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒரு கிளை மடிப்பில் ஒரு சிட்டிகை வெள்ளை. பிறகு எல்லா மடிப்பிலும். அத்தனை வருஷம் பூச்சி படாமல் வைத்திருந்த இளம் பட்டை, பூச்சிக்கு விருந்து மாதிரி கிடைத்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் வேறு எந்த மரத்திலும் அது அவ்வளவு வேகமாகப் படர்ந்து நான் பார்த்ததில்லை. மார்கழிப் பனியில், தூரத்திலிருந்து பார்த்தால் மரம் பூத்திருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

துரை வந்து பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை. தேயிலைக் குழிகள் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறிப் போனார். அடுத்த வருஷம் அவர் சீமைக்கே போய்விட்டார்.

தோட்டத்தை அந்தப் பெண்கள்தான் பிடுங்கினார்கள். ஓடைக்கரை வீடுகளைக் காலி செய்துவிட்டு, மேலே தேயிலைக் கூலிகளின் லைனுக்குச் சாமான்களைத் தூக்கிப் போனார்கள். கற்பூர மரத்தடி மரத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதை நான் தோண்டினேன். தோண்டி முடித்து நிமிர்ந்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஆத்தாளுக்கு உட்டதுல பூச்சியக் கட்டுனாத் தோட்டம் எப்படீங்க தம்பி நிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

தோட்டம் போனதால்தான் கட்டினேன் அக்கா, கட்டியதால் போகவில்லை என்று வாய் வரை வந்தது. அவருக்கு அப்போது கொழுந்துக் கூடை கட்டிக்கொள்ளும் வயசும் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்களுக்காவது ஒரு காரணம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சரிவில் தேயிலை நன்றாக வந்தது. நான் தேயிலை நாற்றங்காலுக்கு ரைட்டரானேன். மாரியாத்தா கல்லையும் கற்பூர மரத்தையும் புது துரை ஒன்றும் செய்யவில்லை. கோவில் மரம் என்றால் துரைமார் கை வைக்க மாட்டார்கள், கூலிகள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். தேயிலைக்கு நடுவில் இன்றும் அப்படி எத்தனையோ மரங்கள் நிற்கின்றன.

என் மனைவி இதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினாள். ரொம்ப வருஷம் கழித்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்க கட்டாம இருந்திருந்தா, அந்த ஒரு மரமாச்சும் இருந்திருக்குமுங்க."

அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று, அவள் போன பிறகும் நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் சொன்னது சரி.